தறி வீட்டில் ஒரு வெள்ளைக் கோட்டு

காஞ்சீபுரம் என்றவுடன் உங்களுக்கு முதலில் என்ன நினைவு வருகிறது? காமாட்சி அம்மன் கோவிலா? வரதராஜப் பெருமாளின் கருட சேவையா? காந்தி ரோடு பட்டுக் கடைகளா? அல்லது மிளகும் சீரகமும் மணக்கும் கோவில் இட்லியா? எது வந்தாலும் சரி, அவற்றைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு என்னுடன் வாருங்கள். இன்று நாம் பேசப் போவது பட்டுப் புடவையைப் பற்றி அல்ல. ஒரு வெள்ளைக் கோட்டைப் பற்றி.

பிள்ளையார்பாளையம் நெசவாளர் குடும்பங்கள் நிறைந்த பேட்டை. காலை வேளையில் அந்தத் தெருக்களில் நடந்தால் தறிச் சத்தம் காதில் விழும். பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தால் இரண்டு விதமான இளம் பெண்களைப் பார்க்கலாம். சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள் ஒரு வகை. மடித்த வெள்ளைக் கோட்டைக் கைமேல் போட்டுக்கொண்டு காலேஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு சம்பளம் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாம் வகையினரோ மூன்று, நான்கு வருஷம் படித்து, அதற்காகப் பலர் கடனும் வாங்கி, அப்புறம்தான் சம்பளக் கவரைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அந்த வெள்ளைக் கோட்டின் விலை என்ன? தன் விலையைத் தானே சம்பாதித்துக் கொடுக்க அதற்கு எத்தனை வருஷம் பிடிக்கும்? பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆனால் கேட்பவர்கள் எத்தனை பேர்?

கூடத்தில் ஒரு காட்சி

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெயர் வேண்டாம்; ஏனென்றால் இது ஒரு வீட்டுக் கதை அல்ல. கூடத்தில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்கிறது. அப்பா தறிக்குழியில் கால் தொங்க உட்கார்ந்திருக்கிறார். அம்மா பக்கத்தில் நூல் சுற்றுகிறாள். பாட்டி சுவரோரம் சாய்ந்திருக்கிறாள். மகள் கையில் வழவழப்பான காகிதத்தில் அச்சடித்த ஒரு காலேஜ் விளம்பரம்.

"டயாலிசிஸ் டெக்னாலஜிப்பா. நாலு வருஷம். முடிச்ச உடனே வேலையாம்!"

"எவ்வளவும்மா ஆகும்?"

"வருஷத்துக்கு ஒரு லட்சம். பாங்கிலே லோன் கொடுப்பாங்களாம்."

அப்பாவின் கையில் நாடா நின்றுவிடுகிறது. பாட்டி பெருமூச்சு விடுகிறாள். "கடனில்லாக் கஞ்சி கால் வயிறு போதும்பாங்க. கடனை வாங்கிப் படிச்சு, நாளைக்கு இன்னொருத்தர் வீட்டுக்குப் போகிற பொண்ணு..."

"நீங்க சும்மா இருங்க, அத்தை," என்கிறாள் அம்மா, நூலிலிருந்து கண்ணை எடுக்காமலே. "எம் பொண்ணு இந்தக் குழியிலே காலை விட வேணாம்."

இந்த மூவரில் யார் பேச்சு சரி? என்னைக் கேட்டால் மூன்றும் சரிதான். அப்பாவின் பயம், பாட்டியின் எச்சரிக்கை, அம்மாவின் ஆசை மூன்றுக்கும் காரணம் இருக்கிறது. அப்பாவின் பயத்திலிருந்தே ஆரம்பிப்போம்.

முன்பணம் என்ற பழைய சங்கதி

காஞ்சீபுரத்து நெசவாளருக்குக் கடன் புதிதல்ல. தலைமுறை தலைமுறையாக அது அவருடன் அதே கூடத்தில் குடியிருந்திருக்கிறது. பட்டு நூலையும் சரிகையையும் முதலாளி கொடுப்பார். நெய்து கொடுத்தால் கூலி. கல்யாணம், காட்சி, வைத்தியச் செலவு என்றால் அவரே முன்பணமும் கொடுப்பார். முன்பணம் தீரும் வரை வேறு முதலாளிக்கு நெய்யப் போக முடியாது. தீர்ந்தால்தானே!

காஞ்சீபுரம் புடவையின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாவால் நெய்து ஒன்றாகக் கோர்க்க வேண்டும். இதற்கு நெசவாளரின் இரண்டு கை போதாது; பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். நெடுங்காலம் அந்தத் துணைக் கை, பள்ளிக்கூடம் போக வேண்டிய சிறுவர் சிறுமியரின் கையாக இருந்தது. குழந்தையை வேலைக்கு அனுப்புவதற்கென்றே முன்பணம் வாங்கிய குடும்பங்களும் உண்டு. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்த பிறகும் இந்த வழக்கம் நீடித்தது. 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற சர்வதேச அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் குழந்தைகள் கடனுக்குக் கட்டுண்டு கிடப்பதைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சீபுரமும் இடம் பெற்றிருந்தது.

அன்றைக்குத் துணைக் கையாக இருந்த பிள்ளைகள்தாம் இன்றைக்குப் பிளஸ் டூ படித்த பெண்களுக்குத் தாய் தகப்பன். "கடன்" என்ற சொல்லைக் கேட்டதும் அப்பாவின் நாடா ஏன் நின்றது என்று இப்போது புரிகிறதல்லவா?

பாங்குக் கடனுக்கும் முன்பணத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. பாங்கு, "இந்த ஆஸ்பத்திரியில்தான் வேலை செய்ய வேண்டும்" என்று சொல்லாது. வட்டி விகிதம் எழுத்தில் இருக்கும். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று. வரும் கூலியைக் கணக்குப் பார்க்காமல் வாங்கினால் இரண்டுமே மென்னியைப் பிடிக்கும்.

என்ன படிப்பு இது?

ஆஸ்பத்திரி என்றால் நமக்கு டாக்டரையும் நர்ஸையும் தான் தெரியும். ஆனால் உங்கள் ரத்தத்தைப் பரிசோதித்து முடிவைச் சொல்கிறவர் யார்? எக்ஸ்ரே, ஸ்கேன் எடுப்பவர் யார்? ஆபரேஷன் அறையில் மயக்க மருந்து யந்திரத்தைத் தயார் செய்து கொடுப்பவர், சிறுநீரகம் பழுதான நோயாளிக்கு டயாலிசிஸ் யந்திரத்தை இயக்குபவர், பக்கவாதம் வந்தவரைப் பிடித்து நடக்கப் பழக்குபவர், இவர்கள் எல்லாம் யார்? இவர்களின் படிப்புகளைத்தான் துணை மருத்துவப் படிப்புகள் என்கிறோம்.

இந்த வேலைகளுக்குத் தேவை இருக்கிறதா என்ற சந்தேகமே வேண்டாம். சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் பெருகப் பெருக, சிறுநீரக நோயும் பெருகுகிறது. டயாலிசிஸ் ஆரம்பித்த நோயாளிக்குப் பொதுவாக வாரம் இரண்டு அல்லது மூன்று தடவை, தடவைக்குச் சுமார் நான்கு மணி நேரம் சிகிச்சை வேண்டும். ஏழைகளுக்கு ஜில்லா ஆஸ்பத்திரிகளிலேயே அது கிடைக்கட்டும் என்று மத்திய அரசு 2016-இல் ஒரு தேசியத் திட்டமே வகுத்தது. காஞ்சீபுரத்தை எடுத்துக்கொண்டால், அறிஞர் அண்ணா புற்றுநோயால் மறைந்த 1969-ஆம் வருஷத்திலேயே அவர் பெயரால் காரப்பேட்டையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கிவிட்டது. கதிர்வீச்சு யந்திரம் இருக்கும் இடத்தில் அதை இயக்கப் படித்தவர்களும் இருந்துதானே ஆக வேண்டும்?

ஆக, வேலை உண்டு. சமூகத்துக்கு உபயோகமான வேலை; வீட்டுப் பெண் செய்தால் பெருமைப்படத்தக்க வேலை. அம்மாவின் ஆசையில் தவறே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வேலை ஒன்றுதான், ஆனால் அதற்குள் நுழைய மூன்று வாசல்கள் இருக்கின்றன. வாசலுக்கு வாசல் கட்டணம் மாறும்.

மூன்று வாசல்கள்

முதல் வாசல், அரசாங்க மருத்துவக் கல்லூரி. நம் ஊருக்குப் பக்கத்திலேயே செங்கற்பட்டில் 1965-இல் ஏற்பட்ட கல்லூரி இருக்கிறது. இந்தப் படிப்புகளுக்குப் பிளஸ் டூவில் பௌதிகம், ரசாயனம், உயிரியல் மதிப்பெண்களை வைத்து, சென்னைக் கீழ்ப்பாக்கத்துத் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்தி இடம் கொடுத்து வந்திருக்கிறது. விதிகள் அவ்வப்போது மாறும். ஆகவே, சேரப் போகும் வருஷத்துக் கையேட்டை வாங்கிப் படித்துவிடுங்கள். இங்கே கட்டணம் மிகக் குறைவு. பெரிய கடனுக்கு அவசியமே இல்லை. ஆனால் இடங்கள் கொஞ்சம், போட்டி அதிகம்.

இரண்டாவது வாசல், தனியார் கல்லூரி. இதிலும் இரண்டு படி உண்டு. அரசு ஒதுக்கீட்டு இடம் என்றால் கட்டணம் குறைவு. நிர்வாக ஒதுக்கீடு என்றால் அதிகம். நம் கற்பனை வீட்டுப் பெண்ணின் கையில் இருப்பது இந்த இரண்டாவது படிக்கான விளம்பரம்தான். முதல் வாசலைத் தட்டிப் பார்த்தார்களா என்று கேட்டால், "அது நமக்கெல்லாம் கிடைக்குமா?" என்பார்கள். விண்ணப்பமே போடாமல் கிடைக்காது என்று முடிவு செய்துவிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

மூன்றாவது வாசல், மாடிப்படி ஏறிப் போகும் சின்னப் பயிற்சி நிலையங்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று சர்ட்டிபிகேட் கொடுப்பவை. இவற்றை எல்லாம் ஒரே தட்டில் வைத்துத் தள்ளிவிடக் கூடாது. ஏழைகளுக்குக் குறைந்த செலவில் தொழில் கற்பிக்கும் சமுதாயக் கல்லூரி என்ற நல்ல யோசனை நம் பக்கத்தில்தான் வேரூன்றியது. 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. 1996-இல் சென்னையில் ஒன்று வந்தது. பிறகு தமிழ்நாடு எங்கும் பரவின. நோயாளிகளைக் கவனித்துக் கொள்ளும் உதவியாளர் பயிற்சி அவற்றில் பலவற்றில் முக்கியமான பாடம். படிப்பை இடையில் விட்ட எத்தனையோ பெண்களுக்கு அது கைத்தொழில் கொடுத்தது. ஆனால் உதவியாளர் பயிற்சி வேறு, டெக்னீஷியன் படிப்பு வேறு. முன்னதைக் கொடுத்துவிட்டுப் பின்னதற்கான கட்டணத்தை வசூலிக்கும் இடங்களும் இருக்கின்றன. அங்கேதான் ஏமாந்துவிடக் கூடாது.

எப்படித் தெரிந்துகொள்வது? 2021-இல் பார்லிமெண்டு இந்தத் தொழில்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களைப் பத்து வகையாகப் பிரித்து, தேசிய அளவில் ஓர் ஆணையம், மாநிலந்தோறும் ஒரு கவுன்சில், படித்தவர்களுக்குப் பதிவேடு என்று அது வகுத்தது. நர்ஸுக்கும் டாக்டருக்கும் இருப்பதுபோல் இவர்களுக்கும் பதிவு வேண்டும் என்பது நோக்கம். எக்ஸ்ரே யந்திரத்தை இயக்குபவருக்கோ, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் குறைந்தபட்சத் தகுதியே நிர்ணயித்திருக்கிறது. இன்னொன்றும் கேளுங்கள்: அந்தச் சட்டத்தில் அடங்கிய படிப்புகளைத் தபால் வழியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-ஆம் கல்வியாண்டிலிருந்து தடுத்துவிட்டது. "வீட்டிலிருந்தே லேப் டெக்னீஷியன் ஆகலாம்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இனிக் கணக்கு

பென்சிலும் காகிதமும் எடுத்துக் கொள்ளுங்கள். அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். இது கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய கணக்கு.

வருஷத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு வருஷத்துக்கு 4 லட்சம் ரூபாய் கடன். வட்டி நூற்றுக்கு வருஷம் 10 என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பது வழக்கமான ஏற்பாடு. "ஆகா, ஐந்து வருஷத்துக்குக் கவலை இல்லை!" என்று தோன்றுகிறதல்லவா? தவணைதான் இல்லை, வட்டி பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி, இரண்டாவதற்கு நான்கு, மூன்றாவதற்கு மூன்று, நான்காவதற்கு இரண்டு. கூட்டினால் 1,40,000 ரூபாய். ஆகவே, தவணை ஆரம்பிக்கும் நாளில் கடன் 4 லட்சம் அல்ல. 5 லட்சத்து 40 ஆயிரம்.

இதைப் பதினைந்து வருஷத்தில் அடைப்பதானால் மாதம் சுமார் 5,800 ரூபாய். பத்து வருஷத்தில் அடைப்பதானால் சுமார் 7,140 ரூபாய். தவணை சிறியதாக இருக்கிறதே என்று பதினைந்து வருஷத்தைத் தேர்ந்தெடுத்தால், கடைசியில் கட்டியிருக்கும் மொத்தத் தொகை சுமார் 10 லட்சத்து 45 ஆயிரம். வாங்கியது நான்கு லட்சம்!

வரவைப் பார்ப்போம். படித்து முடித்த புதிதில் சிறு நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரியில், ஒரு பேச்சுக்கு மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராவிடண்ட் பண்டுக்கு நூற்றுக்கு 12 வீதம் 1,440 ரூபாய், இ.எஸ்.ஐ.க்கு 90 ரூபாய். கைக்கு வருவது 10,470. இதில் 5,800 பாங்குக்குப் போனால் மிச்சம் 4,670 ரூபாய். சென்னையில் வேலை என்றால் ஹாஸ்டல் வாடகைக்கே இது பற்றுமா? பிராவிடண்ட் பண்டு அவள் சேமிப்புத்தான்; ஆனால் அதை எடுத்து இந்த மாத அரிசி வாங்க முடியாதே!

நான் சொல்லும் விதி இதுதான்: தவணை, கைக்கு வரும் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன பெண்ணுக்கு அது 2,600 ரூபாய். பத்து வருஷத்தில் அடைப்பதானால் இரண்டு லட்சம் ரூபாய்க் கடனுக்கே அது சரியாகிவிடும். ஆகவே முதல் மாதச் சம்பளம் எவ்வளவு என்று முதலில் விசாரித்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எவ்வளவு கடன் வாங்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும். நம்மில் பலர் செய்வது நேர் எதிர். கட்டணம் எவ்வளவோ அவ்வளவு கடன்; சம்பளம் ஆண்டவன் விட்ட வழி!

ஏன் இந்தச் சம்பளம்?

"இவ்வளவு படித்தவர்களுக்கு இவ்வளவு குறைவாகவா?" என்று கேட்பீர்கள். நர்ஸுகளின் கதையைக் கேளுங்கள். அவர்கள் எண்ணிக்கையிலும் பெரியவர்கள், சங்கமும் உள்ளவர்கள். தமிழ்நாட்டில் 2015-இல் தேர்வு எழுதி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வந்த நர்ஸுகளுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் தொகுப்பூதியம். 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கில் சென்னையில் திரண்டு போராடினார்கள். பிறகு தொகை உயர்ந்தது. தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்காக 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னதன் பேரில் ஒரு குழு அமைந்தது. ஐம்பது படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அது சிபாரிசு செய்தது. சிபாரிசு வேறு, சம்பளக் கவர் வேறு என்பது நர்ஸுகளுக்குத் தெரியும். டெக்னீஷியன்களுக்கோ, அப்படி ஒரு சிபாரிசுகூட அப்போது கிடைக்கவில்லை.

காரணம் எளிது. பதிவேடு என்று ஒன்று நடைமுறையில் இல்லாத வரை, நான்கு வருஷம் படித்த பெண்ணும், ஆஸ்பத்திரியிலேயே பார்த்துப் பழகிய பையனும் ஒரே மேஜைக்குப் போட்டியிடுகிறார்கள். முதலாளி குறைந்த சம்பளத்துக்கு யார் வருவார் என்றுதான் பார்ப்பார். 2021-ஆம் வருஷத்துச் சட்டம் ஊருக்கு ஊர் உயிர் பெற்றால்தான் படிப்புக்கு ஏற்ற கூலி கேட்கும் தைரியம் வரும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தத் தொழிலில் முதல் மாதச் சம்பளம் கடைசிச் சம்பளம் அல்ல. இரண்டு மூன்று வருஷ அனுபவம் சேர்ந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறலாம். 2012-இல் ஏற்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளைக் கவனித்து அரசாங்க வேலைக்கு முயலலாம். வெளிநாடு போகிறவர்களும் உண்டு. அவர்கள் ஏஜெண்டிடம் லட்சங்களைக் கொட்டுமுன், தமிழக அரசு 1978-இல் இதற்கென்றே ஏற்படுத்திய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் ஒரு தடவை விசாரிப்பது நல்லது. சிரமம் முதல் மூன்று வருஷத்தில்தான். தவணையும் சரியாக அப்போதுதான் ஆரம்பிக்கிறது!

அமெரிக்காவிலும் இதே கதை

"அமெரிக்காவில் இப்படி எல்லாம் இருக்காது" என்று நினைக்காதீர்கள். அங்கே சமுதாயக் கல்லூரிகளில் குறைந்த கட்டணத்தில் இரண்டு வருஷம் படித்து, எக்ஸ்ரே டெக்னாலஜிஸ்டாகவோ பல் சுகாதார நிபுணராகவோ ஆகிறவர்கள், நான்கு வருஷப் பட்டதாரிகள் பலரைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள். தொழிலுக்குத் தேர்வும் உரிமமும் கண்டிப்பாக இருப்பது ஒரு முக்கியக் காரணம். ஆனால் அதே நாட்டில், லாபத்துக்காக நடந்த கொரிந்தியன் காலேஜஸ் என்ற பெரிய கம்பெனி, மருத்துவ உதவியாளர் படிப்பு முதலியவற்றை அதிகக் கட்டணத்துக்கு நடத்தியது. படித்தவர்களில் இத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று பொய்க் கணக்குக் காட்டி மாணவர்களைச் சேர்த்தது. 2015-இல் கதவைச் சாத்தியது. மாணவர்களிடம் மிஞ்சியது கடன்தான். கடைசியில் 2022 ஜூனில் அமெரிக்க அரசாங்கம் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை ரத்து செய்ய வேண்டி வந்தது. நம் ஊரில் அப்படி ரத்து செய்வார்கள் என்று நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம்!

"நூறு சதவீதம் வேலை உறுதி" என்ற விளம்பரப் பலகையைப் பார்க்கும்போது இந்தக் கதையை நினைத்துக் கொள்ளுங்கள்.

கை கொடுக்கும் உதவிகள்

கடன் வாங்கத்தான் வேண்டும் என்றால், சுமையைக் குறைக்கும் வழிகள் சில உண்டு.

முதலாவது, வட்டி மானியம். ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்துக்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகளுக்காக மத்திய அரசு 2009-இல் கொண்டுவந்த திட்டம் இது. தவணை ஆரம்பிக்கும் வரை ஏறும் வட்டியை அரசாங்கமே கட்டிவிடும். நம் கணக்கில் அந்த 1,40,000 ரூபாயும் மறைந்துவிடும்! பதினைந்து வருஷத் தவணை 5,800-இலிருந்து சுமார் 4,300 ஆகிவிடும். ஆனால் கல்லூரிக்கு நாக் போன்ற தர மதிப்பீடு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. காலேஜில் சேருமுன் இதைக் கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை. பாங்கில் விண்ணப்பிக்கும்போதே வருமானச் சான்றிதழையும் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்த பெண்களுக்குத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம். மாதம் ஆயிரம் ரூபாய் என்றால் நான்கு வருஷத்தில் 48,000. வட்டி மானியம் கிடைக்காதவர்கள் இந்தப் பணத்தை அப்படியே பாங்கு வட்டிக்குக் கட்டினால், ஏறும் வட்டியில் மூன்றில் ஒரு பங்கு அடைபட்டுவிடும். மாணவியருக்கு வட்டியில் அரை சதவீதம் குறைக்கும் பாங்குகளும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

மூன்றாவது, ஏழரை லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாத நிதி 2015 முதல் இருக்கிறது. ஆகவே அந்த அளவுக்குள் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டால், ஏன் என்று மரியாதையாகக் கேளுங்கள். பாங்கில் அலைய வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொண்டு நூற்றுக்கு மாதம் மூன்று வட்டிக்கு வெளியில் கை நீட்டாதீர்கள். ஒரு லட்சத்துக்கு வருஷம் 36,000 ரூபாய் வட்டி! பாங்கில் அதற்குப் பதினாயிரம்தான்.

பாட்டி கேட்ட கேள்வி

பாட்டியின் பேச்சை இதுவரை தள்ளி வைத்திருந்தேன். "நாளைக்கு இன்னொருத்தர் வீட்டுக்குப் போகிற பொண்ணு" என்றாளே, அது பழைய காலத்துப் பேச்சு என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது. கடன் பத்திரத்தில் பெண்ணோடு சேர்ந்து கையெழுத்துப் போடுகிறவர் அப்பா. கல்யாணமாகி, "நைட் டியூட்டி எல்லாம் நம் வீட்டுக்குச் சரிப்படாது" என்று புகுந்த வீட்டில் சொல்லிவிட்டால், சம்பளம் நிற்கும், தவணை நிற்காது. தறியில் உட்கார்ந்திருக்கும் அப்பா, ஐம்பத்தைந்து வயதில் மகளின் காலேஜ் கட்டணத்துக்காகக் கோர்வை நெய்ய வேண்டும். தவணை தவறினால் அவர் பெயரிலும் கரும்புள்ளி விழும். நாளைக்குத் தறிக்கென்று ஒரு கடன் கேட்டாலும் பாங்கு யோசிக்கும்.

இதற்குப் பரிகாரம் பெண்ணைப் படிக்க வைக்காமல் இருப்பதல்ல. சம்பந்தம் பேசும்போது நகையையும் சீரையும் பற்றி எவ்வளவு நேரம் பேசுகிறோம்! அதில் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, "எங்கள் பெண் வேலைக்குப் போவாள், அவள் சம்பளத்தில் இத்தனை வருஷம் இவ்வளவு கடனுக்குப் போகும்" என்று பளிச்சென்று சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டு முகம் சுளிக்கும் வீடு, பிற்பாடு வேறு பலவற்றுக்கும் முகம் சுளிக்கும். முன்கூட்டியே தெரிந்துகொள்வது லாபந்தானே?

"அதற்குக் கம்பெனி பஸ்ஸே மேல், கடன் இல்லையே!" என்று சிலர் சொல்லலாம். அவசரத்துக்கு நல்ல வழிதான். ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் ஆரம்பித்து ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கொடுத்த நோக்கியா தொழிற்சாலை, 2014 நவம்பரில் மூடப்பட்டதை மறக்க முடியுமா? தொழிற்சாலை போனால் அந்த வேலையும் போயிற்று. கற்ற தொழில், எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும்.

மறுபடியும் கூடத்துக்கு

நம் கற்பனை வீட்டுக்குத் திரும்பிப் போவோம். விளம்பரக் காகிதத்தின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. மகள் அதில் எழுதுகிறாள். அம்மா ஒவ்வொன்றாகச் சொல்கிறாள்.

இந்தப் படிப்புக்கு எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கிறது? அரசுக் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட்டாயிற்றா? கல்லூரிக்குத் தர மதிப்பீடு உண்டா? நான்கு வருஷத்துக்கும் சேர்த்து, பரீட்சைக் கட்டணம், பஸ், சீருடை உள்பட மொத்தம் எவ்வளவு? பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், அங்கே எத்தனை யந்திரம் இருக்கிறது? கடைசி வருஷப் பயிற்சிக் காலத்தில் படிப்பணம் உண்டா? போன வருஷம் படித்து முடித்த பெண் ஒருத்தியைப் பார்த்து அவள் வாங்கும் சம்பளத்தைக் கேட்க முடியுமா?

"கடைசிக் கேள்விதாம்மா முக்கியம்," என்கிறார் அப்பா. அதுவரை பேசாமல் இருந்தவர். "அதைக் கேட்டுட்டு வா. அப்புறம் எங்கே வேணுமானாலும் கையெழுத்துப் போடறேன்."

நெசவாளர் அவர். ஒரு பாவைத் தறியில் ஏற்றுமுன் பட்டு எவ்வளவு, சரிகை எவ்வளவு, எத்தனை நாள் வேலை, கூலி எவ்வளவு என்று கேட்காமல் ஏற்ற மாட்டார். ஏற்றிய பிறகு, "கட்டாது" என்று பாதியில் அறுத்தெறிய முடியாதென்று அவருக்குத் தெரியும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று சொன்ன ஊர் அல்லவா நம்முடையது?

தாய்மார்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு விளம்பரக் காகிதம் வந்திருக்கலாம். அதன் முன்பக்கத்தை ஒரு தடவை படித்தது போதும். திருப்பி வைத்து, பின்பக்கத்தில் கணக்கை எழுதுங்கள். கணக்குச் சரியாக வந்தால் பெண்ணுக்கு அந்த வெள்ளைக் கோட்டைத் தைக்கக் கொடுங்கள். வராவிட்டால் வேறு வாசலைத் தட்டுங்கள். எந்த வாசலாக இருந்தாலும், தட்டும்போது பெண்ணும் உங்கள் கூடவே நிற்கட்டும்; கடனை அடைக்கப் போகிறவள் அவள்தானே!